ஏழங்குல இலக்கணம்: இண்டி சிங்கிள் பகிர்தல் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுப்பதற்கு நம்மிடம் எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. வேண்டாம் என்பவரிடம் இரண்டாம் முறை கேட்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டால் அது வற்புறுத்தல். ஆனால் அதே விருந்தினரை நாற்காலியை விட்டு எழவிடாமல், அலமாரியிலிருந்து பழைய சிங்கிள் ஒன்றை உருவி, "இதை மட்டும் கேட்டுட்டுக் கிளம்புங்க சார்" என்று சொல்லும் செயலுக்கு எழுதிய விதியும் இல்லை, எழுதாத விதியும் இல்லை. தொல்காப்பியரைக் குறை சொல்வதற்கில்லை. 45 சுழற்சித் தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1949இல்தான். அதற்குப் பின் வந்த புலவர்கள் ஏன் வாளாவிருந்தார்கள் என்பதே கேள்வி. அக்குறையை நீக்க எழுந்தது இந்நூல்.

ஆய்வுப் பொருள்: 1977 தொடங்கி இருபது ஆண்டுக்காலம், பெரும்பாலும் பிரிட்டனில், சொந்தக் காசிலும் கடன் காசிலும் சிறு லேபிள்களில் வெளிவந்த ஏழங்குலத் தட்டுகள். களம்: ஆய்வாளர் வீட்டுக் கூடம். தரவு: ஆய்வாளரின் அலமாரியில் ஓர் அடுக்கு. நிதியுதவி: கிடைக்கவில்லை. வீட்டில் எதிர்ப்பு: போதிய அளவு கிடைத்தது.

ஆய்வு முறையைப் பவணந்தி முனிவரிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த அவர், அதன் பொதுப்பாயிரத்தில் கல்வியை ஐந்து கூறாக்கினார்: கற்பிக்கும் நூல், கற்பிப்பவர், கற்பிக்கும் முறை, கற்பவர், கற்கும் முறை. அவர் மாணவரை மனத்தில் வைத்துச் சொன்னார். எனினும் ஒருவரிடம் சரக்கும் மற்றவரிடம் பொறுமையும் இருக்கும் எல்லா இடத்துக்கும் அது செல்லும்.

கருதுகோள் இது: இண்டி சிங்கிள் கைமாறுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். சேகரிப்பவர் அந்தப் பயணத்தைத் தம் அலமாரியில் தடுத்து நிறுத்துகிறார். பகிர்தல் என்பது அதற்காக அவர் கட்டும் அபராதம்.

1. நூல் இயல்

நூற்பா:
ஏழங் குலமும் இருபுறப் பாட்டும்
நாற்பத் தைந்தெனும் நிமிடச் சுழற்சியும்
நடுவண் துளையும் உடையது சிங்கிள்.

உரை: ஏழங்குலம் என்றது விட்டத்தை. நிமிடத்துக்கு 45 சுற்று எனின், மூன்று நிமிடப் பாட்டுக்கு 135 சுற்று. அந்நேரத்தில் முள் பள்ளத்தில் நடக்கும் தூரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 60 மீட்டர் வரும். முதல் காதல், அதன் தோல்வி, அதைப் பற்றிய கிட்டார் எல்லாம் 60 மீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்காதவர்கள் எல்.பி. என்ற நெடுந்தட்டு போட்டார்கள்.

'நடுவண் துளை' என்றதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கத் தட்டின் துளை ஒன்றரை அங்குலம். பிரிட்டிஷ் தட்டில் துளை சிறிது. ஜூக்பாக்ஸில் போட வேண்டுமானால் நடுவில் உள்ள வில்லையைக் கட்டை விரலால் அழுத்திப் பெயர்த்தெடுக்கும்படி பல தட்டுகளைச் செய்தார்கள். பெயர்த்த தட்டை வீட்டில் சுழற்ற பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்று வேண்டும். தேவைப்படும் நாளில் அது கிடைக்காது என்பது இவ்வாய்வில் விதிவிலக்கு இன்றி நிறுவப்பட்ட ஒரே உண்மை.

இனி, 'இண்டி' என்பது என்னை? எனின், ராகமும் அன்று, தாளமும் அன்று, தலைமுடியின் நீளமும் அன்று, வேன். 1980 ஜனவரி 19 அன்று பிரிட்டனில் 'ரெக்கார்ட் பிசினஸ்' என்ற வணிக இதழ் இண்டி தரவரிசையை முதன்முதலாக வெளியிட்டபோது வைத்த அளவுகோல் ஒன்றே: தட்டைக் கடைக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகம் பெருநிறுவனங்களின் கையில் இருக்கக் கூடாது. பாட்டைக் கேட்க வேண்டியதில்லை, வண்டியைப் பார்த்தால் போதும். முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற ஸ்பிஸ்எனர்ஜி குழுவின் பாட்டு, ஸ்டார் ட்ரெக் கப்பலின் கேப்டன் கிர்க்கைக் காணோமே என்று தேடுவது. அதுவரை தொந்தரவில்லை. 1988இல், அதே விதிப்படி, பாப் பாடகி கைலி மினோக் இண்டி தரவரிசையின் உச்சியில் ஏறி உட்கார்ந்தார். அவர் பாடிய பி.டபிள்யூ.எல். லேபிளுக்குத் தனி விநியோகம் இருந்தது. நீளக் கோட்டும் துயர முகமுமாக அலைந்த ரசிகர்கள் வாயடைத்துப்போனார்கள். இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றினால் இப்படித்தான் ஆகும்.

வேனை ஏளனமாக எண்ண வேண்டாம். ஜெஃப் டிராவிஸ் 1976இல் மேற்கு லண்டனில் 'ரஃப் ட்ரேட்' கடையைத் திறந்தார். 1978இல் அது லேபிளும் ஆயிற்று. பின்னர் யார்க், லிவர்பூல், பிரிஸ்டல், நாரிச், எடின்பரோ என்று ஊர் ஊராக இருந்த கடைக்காரர்களும் விநியோகஸ்தர்களும் சேர்ந்து 'தி கார்ட்டல்' என்ற வலையைப் பின்னினார்கள். ஒரு பையன் படுக்கையறையில் செய்த தட்டு முந்நூறு மைல் தாண்டி இன்னொரு பையனின் படுக்கையறைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வழியாகத்தான்.

நூலின் பயன் யாது? இதற்கு மூன்று தட்டுகளே சான்று.

முதலாவது, மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தங்களுக்குத் தாங்களே ஒரு லேபிள் பெயர் சூட்டி, ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். அது பல மடங்கு மறுபடி அச்சேறியது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை உறையிலேயே குறித்திருப்பார்கள். சமையல் ரகசியத்தைப் பாத்திரத்தின் மீதே எழுதிவைத்த முதல் சமையல்காரர்கள். (ஆய்வாளரிடம் உள்ளது 1979 மறுபதிப்பு. முதல் பதிப்பு வைத்திருப்போர் இவ்வரியில் ஒரு முறை புன்னகைத்துக்கொள்ளலாம்.)

இரண்டாவது, டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழு அதே ஆண்டில் வெளியிட்ட 'ஸ்மோக்ஸ்க்ரீன்'. மொத்தச் செலவு 153 பவுண்டு. சிக்கனத்தின் பொருட்டு இரு பக்கத்திலும் அதே இரண்டு பாட்டுகளைப் பதித்தார்கள். எவ்வளவு சுலபம் பாருங்கள், நீங்களும் செய்யுங்கள் என்பதையே பாட்டின் சாரமாகவும் வைத்தார்கள்.

மூன்றாவது, ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு 1978இல் வெளியிட்ட 'ஸ்காங்க் பிளாக் போலோனியா'. இதன் உறையில் வரவு செலவுக் கணக்கு உண்டு. ஒலிப்பதிவுக்கு 98 பவுண்டு என்பது முதல் லேபிளில் குத்தும் ரப்பர் ஸ்டாம்பின் விலை வரை. தணிக்கையாளர் இன்றியே தணிக்கைக்குத் தயாராக வெளிவந்த ஒரே பாட்டுத்தட்டு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வழக்கம் இம்மூன்றோடு நிற்கவில்லை. 'தி நார்மல்' என்ற பெயரில் டேனியல் மில்லர் 1978இல் தனியொருவராக முதல் சிங்கிளைச் செய்து, உறையில் வீட்டு முகவரியையும் போட்டார். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் தங்கள் கேசட்டுகளை அம்முகவரிக்கு அனுப்பத் தொடங்க, 'மியூட்' என்ற லேபிள் தானாகவே முளைத்தது. உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் 'ஃபிளையிங் நன்' லேபிளில், தி க்ளீன் என்ற குழு 1981இல் 50 டாலரில் பதிவு செய்த 'டேலி ஹோ' அந்நாட்டுத் தரவரிசையில் 19ஆம் இடம் வரை சென்றது. செலவுக் கணக்கு, முயற்சி எண்ணிக்கை, முகவரி, இதற்கு மேல் கொடுக்காதீர் என்று கடைக்காரரையே மிரட்டும் உச்ச விலை: இவை அச்சான உறையை உறை என்பதா, துண்டுப் பிரசுரம் என்பதா? கேட்டவர் தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்பதே இந்நூலின் பயன் என்க.

புறனடை: ஏழங்குலம் என்றதனால் பன்னிரண்டங்குலம் முற்றும் விலக்கப்படவில்லை. நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' (1983) பன்னிரண்டங்குலத் தட்டு. பீட்டர் சேவில் அதன் உறையைக் கணினி ஃபிளாப்பி போலவே துளைகளுடன் வடிவமைத்தார். முன் பக்கத்தில் பெயர் இல்லை, நிறக்கட்டங்களில்தான் சேதி. அந்த உறைக்கு ஆன செலவில் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டம் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கதையின் உண்மை எப்படியாயினும், அதை நம்பும் விருப்பம் எல்லோருக்கும் இருப்பதே இண்டியின் இயல்பு. நிறத்துக்கும் புறனடை உண்டு. கார்னர்ஷாப் குழு 1993இல் ஒரு தட்டைக் 'கறி' நிற வினைலில் வெளியிட்டது. வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

2. நுவல்வோன் இயல்

நூற்பா:
கொடுப்பது போலக் காட்டித் தானே
கேட்டு மகிழ்வோன் பகிர்வோன் என்ப.

உரை: நல்லாசிரியருக்கு நான்கும் ஆகாத ஆசிரியருக்கு நான்கும் உவமை சொன்னார் பவணந்தியார். ஆகாத நால்வரும் இன்றைய இசைத்தட்டு அலமாரிகளின் முன் அப்படியே நிற்பது வியப்பு.

கழற்குடம்: கழற்சிக்காய்களை வரிசையாகப் போட்டு நிரப்பினாலும் கவிழ்க்கும்போது வரிசை கெட்டு விழும். இவர் ஆரஞ்சு ஜூஸ் குழுவின் முதல் சிங்கிளைக் கையில் எடுப்பார். உடனே அது வந்த 'போஸ்ட்கார்ட்' லேபிளின் கதை. கிளாஸ்கோவில் ஆலன் ஹோர்ன் அதைத் தொடங்கியது. முரசு கொட்டும் பூனை அதன் சின்னம் ஆனது. ஆஸ்திரேலியாவின் கோ-பிட்வீன்ஸ் குழு அங்கு வந்து சேர்ந்தது. ரோடி ஃப்ரேம் மீசை முளைக்கும் வயதில் ஆஸ்டெக் கேமராவின் தட்டை வெளியிட்டது. பாட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கும். பூனையின் வரலாறு முடிந்திருக்காது.

மடற்பனை: ஏறிப் பறிக்க விடாது, தானாக விழுந்தால் உண்டு. "அண்ணா, ஸ்மித்ஸ் இருக்கா?" என்று கேட்டால் இவர் பதில் சொல்லமாட்டார். எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டவர் மீது ஒரு பார்வை மட்டும் விழும். அவராக ஒரு நாள் போடுவது, பெயரும் முகமும் இல்லாத வெள்ளை லேபிள் ஒன்றாக இருக்கும்.

பருத்திக் குண்டிகை: குடுக்கையில் பஞ்சை அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். இவர் தட்டைக் காகித உறையிலும், அதை அட்டை உறையிலும், அதை பிளாஸ்டிக் உறையிலும் இட்டு, வாயை ஒட்டியும் வைத்திருப்பார். வாங்கியபோது 'மின்ட்', அதாவது புத்தம்புதுத் தரத்தில் இருந்ததாம். முள் பட்டால் ஒரு படி இறங்குமாம். ஆகவே உறையைக் காட்டுவார், முதுகைக் காட்டுவார், பாட்டைத் தம் செல்பேசியில் போட்டுக் காட்டுவார்.

முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றுவது ஒருவர், வளைந்த தென்னை காய் உதிர்ப்பது அடுத்த வீட்டு வளாகத்தில். அலமாரிக்கு இடம் விட்டவர் மனைவி. தூசி தட்டியவர் மனைவி. கூரியர்க்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கியவரும் மனைவி. உட்கார வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டப்பட்டவர் மூன்றாவது தெரு நண்பர். நால்வரிலும் இவரைத்தான் ஆய்வாளர் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறார். வீட்டார் இப்பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னதன் பேரில் படித்தும் காட்டினார்.

நல்லாசிரியருக்கு ஒரே சான்று போதும். ஜான் பீல் 1967 முதல் 2004இல் இறக்கும் வரை பி.பி.சி. ரேடியோ 1இல் தட்டுச் சுழற்றியவர். 1978 செப்டம்பரில் ஒரு நாள் வட அயர்லாந்தின் அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டைப் போட்டார்; முடிந்ததும் மறுபடி அதையே போட்டார். பெல்ஃபாஸ்டில் டெர்ரி ஹூலி என்ற கடைக்காரர் நடத்திய 'குட் வைப்ரேஷன்ஸ்' லேபிளின் தட்டு அது; உறை என்பது மடித்த ஒரு பெரிய காகிதம்தான். பீலின் கல்லறைக் கல்லில் இன்று அந்தப் பாட்டின் ஒரு வரி இருக்கிறது. அவர் வீட்டில் பல்லாயிரம் தட்டுகள். அவற்றுள் மிக வேண்டிய 140க்கும் மேற்பட்ட சிங்கிள்களை ஒரு மரப்பெட்டியில் தனியே வைத்திருந்தார். வீடு தீப்பிடித்தால் அதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று. பெட்டி தமக்கு, பாட்டு ஊருக்கு என்று பிரித்துவைத்ததே அவர் மேன்மை.

3. நுவலும் திறன் இயல்

நூற்பா:
கைகழீஇ விளிம்பு பற்றிச் சுழற்சி
நோக்கி முள்வைத்து வாய்மூ டுகவே.

உரை: இந்நூற்பாவில் ஐந்து வினைகள் உள. முதல் நான்கை எல்லோரும் செய்வர்.

கை கழுவுதல் எண்ணெய்க்காக. பஜ்ஜி தின்ற விரல் பள்ளத்தில் பட்டால் 1981ஆம் ஆண்டின் துயரத்தோடு நம் வீட்டு எண்ணெயும் சேர்ந்து ஒலிக்கும்.

விளிம்பு பற்றுதல் இப்படி: வலது உள்ளங்கையில் விளிம்பும் நடுவிரல் நுனியில் லேபிளுமாகத் தட்டை ஏந்தி, விளக்குக்கு நேரே சாய்க்க வேண்டும். அப்போது கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் நகத்தால் கீறியதுபோல் எழுத்துகள் மின்னும். மாஸ்டர் தட்டு வெட்டிய பொறியாளரின் கைவேலை அது. ஜார்ஜ் பெக்கம் என்பவர் தாம் வெட்டிய தட்டுகளில் 'எ போர்க்கி ப்ரைம் கட்' என்று பொறிப்பது வழக்கம். வேறு சிலவற்றில் குழுவினர் சொன்ன குறும்பு வாசகங்கள் இருக்கும். தட்டைத் தராமல் இதை எவ்வாற்றானும் பகிர முடியாது. ஆகவே விருந்தினரின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்க. அவர் விரல் நடுங்கினால் நம் விரலும் நடுங்கும், அதுவும் பகிர்வே.

சுழற்சி நோக்குதல்: 45ஐ மறந்து 33இல் விட்டால் பாட்டு ஐந்து அரைச்சுரம் இறங்கும், ஷட்ஜம் ஏறத்தாழ மந்தர பஞ்சமத்துக்குப் போய்விடும். இரண்டரை நிமிடப் பாட்டு 3 நிமிடம் 22 நொடி ஓடும். பாடகி பாடகர் ஆவார். காதல் தத்துவம் ஆகும். ஜான் பீல் இதை வானொலியிலேயே அடிக்கடி செய்தவர். எனவே இது குற்றமன்று, மரபு. ஆனால் விருந்தினர் "இதுதான் நல்லா இருக்கு" என்று சொன்னால் விசையை மாற்றாதிருக்கும் துணிவு வேண்டும்.

வாய் மூடுதல்: இதுவே அருமை. பகிர்வோர் பலர் முன்னிசை முடியும் முன் "இப்ப ஒரு கிட்டார் வரும் பாருங்க" என்பர். கிட்டார் வரும். விருந்தினர் தலையாட்டுவார். கிட்டாரை அவர் கேட்கவில்லை, நம்மைக் கேட்டார். பாட்டு ஓடும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பேச்சின் பாற்படும். சுவரைப் பார்க்க. உறையைப் பார்க்க. செலவுக் கணக்கு அச்சிட்ட உறையாயின் கூட்டிச் சரிபார்க்க.

இனி பி பக்கம். ஏ பக்கம் உலகத்துக்கு. பி பக்கம் உடையவருக்கு. தட்டைத் திருப்பாதவர் பாதி பகிர்ந்தவர். 'ஸ்மோக்ஸ்க்ரீன்' மட்டும் விலக்கு. அதைத் திருப்பினால் அதே பாட்டு வரும். விருந்தினர் கவனித்தாரா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

ஓர் அமர்வுக்கு மூன்று தட்டு. நான்காவதைப் போடும்போது விருந்தினர் கடைசிப் பேருந்தைப் பற்றி விசாரிப்பார். அது பேருந்தைப் பற்றிய கேள்வி அன்று.

4. கொள்வோன் இயல்

நூற்பா:
அன்னம் கிளியே இல்லிக் குடமே
நெய்யரி எருமையெனக் கேட்போர் பலரே.

உரை: இவையும் பவணந்தியார் மாணவருக்குச் சொன்னவையே. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். கேட்டு முடித்ததும் "ட்ரம்ஸ் நல்லா இருக்கு, பாடினவருக்குச் சுருதி இல்லை, ஆனா அதுதான் இதுக்குச் சரி" என்பவர் அன்னம். இவருக்கு மறுமுறையும் அழைப்பு உண்டு. கிளி, சொன்னதைச் சொல்லும். நாம் 'அற்புதம்' என்றால் அவரும் 'அற்புதம்' என்பார். இல்லிக்குடம் ஓட்டைக் குடம்; அடுத்த மாதம் அதே தட்டைப் போட்டால் "புதுசா?" என்பார். இவரை இழிவாகக் கருதற்க. ஒரே தட்டை முதல் முறை போல் எத்தனை முறையும் போட்டுக்காட்ட வாய்ப்பளிக்கும் ஒரே விருந்தினர் இவரே. நெய்யரி, நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் வடிகட்டி, பாட்டை விட்டுக் கீறலின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "இது டிக் டிக்னு வருதே, கெட்டுப்போச்சா?" என்பார். எருமை, குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிப்பது. முழு வரிசையையும் குலைத்து, எல்லாத் தட்டையும் தரையில் பரப்பிய பிறகு ஒன்றைத் தேர்ந்து நீட்டுவார். அவர் நீட்டும் ஒன்று பெரும்பாலும் நாமே மறந்துபோன நல்ல தட்டாக இருப்பது எப்படி என்பதை ஆய்வு விளக்க இயலவில்லை.

5. கோடல் மரபு

கேட்பவருக்கு விதிகள் சில. விலையைக் கேளற்க. "எல்லாத்தையும் கேட்டிருக்கீங்களா?" என்று கேளற்க. கண்ணை மூடிக்கொள்ளலாம், குறட்டை கூடாது. பிடிக்கவில்லையென்றால் அப்படியே சொல்லிவிடலாம்; ஏழங்குலத் தட்டின் பெருந்தன்மை அது. மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும் பொருளைப் பொறுத்துக்கொள்வதும் எளிது, மறுப்பதும் எளிது. "ரெண்டு நாள் கொடுங்களேன், கேட்டுட்டுத் தர்றேன்" என்பது மட்டும் பகிர்வின் எல்லையைத் தாண்டி உறவின் எல்லையைத் தொடுவது. சம்பந்திகளிடையேகூட யோசித்துச் செய்க.

6. தடைவிடை

தடை: எல்லாப் பாட்டும் செல்பேசியில் கிடைக்கையில் இத்தனை பாடு எதற்கு?

விடை: பாட்டு கிடைக்கும். 98 பவுண்டுக் கணக்கு கிடைக்காது. வளையத்தில் கீறிய எழுத்து கிடைக்காது. செல்பேசியில் அடுத்த பாட்டு தானே வரும். சிங்கிளில் ஒருவர் எழுந்து சென்று மாற்ற வேண்டும். அந்த எழுச்சியே மரியாதை.

தடை: இவை விலை ஏறும் பொருள்கள் அல்லவா? முள் படாமல் வைத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்?

விடை: இதற்கு இரு கட்சி உண்டு. சியாட்டிலின் 'சப் பாப்' லேபிள் 1988இல் சந்தா கட்டியோருக்கென ஒரு சிங்கிள் சங்கம் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு நிர்வாணா என்ற புதுக்குழுவின் 'லவ் பஸ்'. ஆயிரம் பிரதி, ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். அருமைப்படுத்தி விற்றார்கள், இன்று அது பெட்டகத்தில் தூங்குகிறது. எதிர்க்கட்சி பிரிஸ்டலின் 'சாரா ரெக்கார்ட்ஸ்'. கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் இருவரும் 1987இல் தொடங்கியது. ஒரே பாட்டைப் பல வடிவங்களில் போட்டு ரசிகரிடம் இரண்டு முறை காசு பறிப்பதை எதிர்த்து ஏழங்குலத்தையே பிடிவாதமாகப் பற்றி நின்றார்கள். அவர்களின் 50ஆம் வெளியீடு தட்டே இல்லை. ஒரு தாய விளையாட்டு. 1995இல் வரிசை எண் 100ஐ எட்டியதும், நன்றாக நடந்துகொண்டிருந்த லேபிளை இசை இதழ்களில் விளம்பரம் கொடுத்து மூடினார்கள். எண்களுக்கு வேறு பயனும் உண்டு என்று காட்டியது மான்செஸ்டரின் 'ஃபேக்டரி' லேபிள். நைட் கிளப்புக்கு 51, தங்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்குக்கு 61, கிளப் பூனைக்கு 191, நிறுவனர் டோனி வில்சனின் சவப்பெட்டிக்கு 501 என்று வரிசை எண் கொடுத்தார்கள். இவர்கள் எல்லாம் முதலீட்டு ஆலோசகர்களை மனத்தில் வைத்துத் தட்டு அச்சடித்தவர்களாகத் தெரியவில்லை.

தடை: இந்தச் சீமைக் கதை தமிழருக்கு எதற்கு?

விடை: 2003இல் லண்டனில் 'ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறு லேபிள் ஒரு சிங்கிளை 500 பிரதி அச்சடித்தது. பாட்டு 'கலாங்'. பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம், உலகுக்கு எம்.ஐ.ஏ. ஈழத்துத் தமிழ்ப் பெண்ணின் குரல் உலக மேடைக்குப் போன முதல் வண்டி அந்த ஐந்நூறு தட்டுகள்தான். அவற்றை வாங்கியவர்கள் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பூட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டி.ஜே.க்கள் போட்டார்கள், கேட்டவர்கள் கேட்டவர்களுக்குச் சொன்னார்கள், பெருங்கதவுகள் பின்னால் திறந்தன.

7. துணிபு

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. 153 பவுண்டில் செய்த பொருளை ஆயிரக்கணக்கில் விலை சொல்லிப் பூட்டிவைப்பது அதைச் செய்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உறையில் கணக்கு எழுதியவர்கள் அடுத்தவர் படிக்கவே எழுதினார்கள். முகவரி போட்டவர்கள் கடிதம் வரவே போட்டார்கள். அந்த முகவரிகளில் இன்று அவர்கள் இல்லை. ஆகவே கடிதம் சேர வேண்டிய இடம் நம் வீட்டுக்கு வரும் விருந்தினர்தான்.

பரிந்துரைகள் மூன்று. சிங்கிள் வைத்திருப்போர் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் கூப்பிட்டு மூன்று தட்டுகளைப் போடுக. பி பக்கம் உட்பட. அந்த ஒருவர் முதலில் வீட்டில் உள்ளவராக இருக்கட்டும். கேட்டவர் எழுந்து போகையில் "இதை நாமும் செய்யலாம் போலிருக்கே" என்றால் தடுக்காதீர்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பது உறையிலேயே இருக்கிறது.